மூன்று செக்கன்

போன வருசம் வரைக்கும் எங்கள் ஆட்டம் சுகமானது:
பந்தை எடு, துசியந்தியிடம் எறி.
துசியந்தி நான்தான்.
ஐந்தடி பதினொன்று.
மல்லாவிக் கடைகளில் என் காலுக்குச் சப்பாத்து இல்லை.
வளையத்தின் கீழ், கோடு போட்ட கூட்டுக்குள்
மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி.
இரண்டே முக்கால் வரை எண்ணத் தெரிந்தவள் நான்.
மற்ற நாலு பேரும் என்னையே பார்த்து நிற்பார்கள்,
மாங்குளம் பஸ் தெரிகிறதா என்று பார்ப்பதுபோல.

மாசியில் வந்தா எமில்டா ரீச்சர்,
முருங்கனிலிருந்து மாற்றலாகி,
ஸ்கூட்டியில் ஒரு பந்துப்பையைக் கட்டிக்கொண்டு.
அன்றைக்குக் களத்தின் பாதியில்
ஆரோ காலபோக நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள்.
அதிபரிடம் போவா என்று நினைத்தோம்.
குனிந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தா.
"இன்னும் காயேல்ல" என்றா.
பிறகு, "மற்றப் பாதி காணும்.
பந்தை நிலத்தில தட்டாதேங்கோ.
நெல்லுக்க ஓடினா தட்டின ஆள்தான் பொறுக்கோணும்."

பத்து நாள் நெல் காய்ந்தது.
பத்து நாளும் பந்து நிலத்தைத் தொடவில்லை.
கையிலிருந்து கைக்கு,
ஒருமுறை பவித்திராணியின் மூக்குக்கு.
எறிந்தவள் நிற்கக் கூடாது, ஓட வேண்டும்,
எங்கே என்று கேட்டால்
"ஆளில்லாத இடத்துக்கு" என்பா.
ஆளில்லாத இடங்கள் அவ்வளவு இருந்தன
அந்தப் பாதிக் களத்தில்.

பிறகு சோடா மூடிகள் ஐந்தைச் சீமெந்தில் பரப்பினா.
நெளிந்த மூடி நான்.
என்னைக் கூட்டுக்குள்ளிருந்து விரலால் தள்ளி
வெளியே, கோட்டின் தலைப்பில் வைத்தா.
"நீ உள்ளுக்க நிண்டா அவையளும் உள்ளுக்கதான் நிப்பினம்.
நீ படலை, துசி.
கலைச்சுக்கொண்டு வாறவளை மறிச்சு நில்லு.
ஜெனிற்றா உன்னைக் கடந்து போகட்டும்."

வீட்டில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.
போன வருசப் புள்ளிகள் நூற்றெண்பத்தேழு.
மாகாணத் தெரிவுக்கு வருகிறவர்கள்
புள்ளியைத்தான் பார்ப்பார்கள்.
அண்ணன் சிரித்தான்:
"படலைக்கு ஆர் சேட்டிபிக்கற் குடுப்பினம்?"
அதை அப்படியே ரீச்சரிடம் சொன்னேன்.
கனநேரம் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தா.
"தெரியாது" என்றா.
"எனக்கும் அதுதான் பயம்."

வவுனியாவில் உள்ளரங்கு,
முகம் தெரியும் மரத்தளம்.
அவர்களின் இரண்டு நெட்டைகளும்
தாய்மாட்டை விடாத கன்றுகளாக
என் பின்னால் வெளியே வந்தார்கள்.
திரும்பிப் பார்த்தேன்.
கூடு வெறுமையாய்க் கிடந்தது.
இத்தனை வருசம் நான் நின்ற இடம்
இவ்வளவு அகலமா?

குள்ளக் கார்மேகா அதற்குள் ஓடினாள். தவறவிட்டாள்.
மறுபடி ஓடினாள். மறுபடியும்.
இடைவேளைக்கு ஒன்பதுக்கு இருபத்திரண்டு.
ரீச்சர் எதையும் மாற்றவில்லை,
தண்ணீர்ப் போத்தலை மட்டும் கைமாற்றித் தந்தா.
பிறகு ஒன்று விழுந்தது. இன்னொன்று.
ஜெனிற்றா, பவித்திராணி, ஜெனிற்றா,
ஒருமுறை ஏழு எறிதலில் ஒரு கூடை,
பந்து எங்கே என்று எதிரணியோடு சேர்ந்து
நானும் தேடினேன்.

முப்பத்தொன்றுக்கு முப்பத்துமூன்று.
தோற்றோம்.
என் பெயருக்கு நேரே ஆறு.

ஏ-ஒன்பதில் பஸ் இருட்டுக்குள் போகிறது.
அவளவள் போட்ட கூடையை அவளவள்
மறுபடி போட்டுக்காட்டுகிறாள், கூரை இடிக்க.
கார்மேகா ஒரே கூடையை மூன்றாம் தடவை சொல்கிறாள்.
அதில் அவளுக்கு வழி விட
ஒரு நெட்டையின் முழங்கையை வாங்கிய இடம்
என் விலாவில் இன்னும் எரிகிறது.
அவளுக்கு அது தெரியாது.
சொல்லலாம்.
ஓமந்தை தாண்டியும் சொல்லவில்லை.

முன்சீற்றில் ரீச்சர் தூங்குகிறா,
மடியில் பந்துப்பை.
தெரிவுப் பட்டியல் வெள்ளிக்கிழமை வரும்.